உழைக்காத யோசனை

கடைசிச் சுற்றுக்கு முன்னால் துளசிமணிக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தோற்றுவிடுவோமோ என்ற பயம் இல்லை. தோற்பதில் அவளுக்கு இருபது வருஷ அனுபவம் இருக்கிறது. நன்றாக ஆடிவிடுவோமோ என்றுதான் பயம்.

முன்பெல்லாம் ஒருத்தி இப்படிப் பயந்தால் கிளப்பே கூடிச் சிரித்திருக்கும். இப்போது யாரும் சிரிப்பதில்லை. ஈரோடு பெருந்துறை ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் அன்றைக்கு நூற்றுச் சொச்சம் பேர் சதுரங்கம் ஆட வந்திருந்தார்கள். அத்தனை பேர் நெற்றியிலும் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. பட்டையின் நுனியில், இடது காதுக்குப் பக்கத்தில், மிளகு அளவில் ஒரு விளக்கு. அவரவர் விளக்கு அவரவருக்குத் தெரியாது. எதிரில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியும், ஆர்பிட்டர் என்கிற நடுவரின் கைக்கருவியில் தெரியும். யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று மாப்பிள்ளை அறைக் கண்ணாடியைக்கூடப் பழைய வேட்டியால் மூடி வைத்திருந்தார்கள்.

துளசிமணி மண்டபத்து வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தீர்த்தகிரி வந்தார். சித்தோட்டுக்காரர், ஐம்பத்தைந்து வயது, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இருவரும் இந்த வட்டாரத்துப் போட்டிகளில் பல தடவை மோதியிருக்கிறார்கள். இரண்டு பேருமே கிளப் ஆட்டக்காரர்கள். பேப்பரில் பேர் வராது. ரேட்டிங் ஏறினால் வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அளவுக்குத்தான் ஏறும்.

"நம்ம ரெண்டு பேருக்குத்தான் போட்டிருக்காங்க அம்மிணி."

"பாத்தனுங்ண்ணா. பேசாம சீக்கிரமே டிரா பண்ணிக்கலாமுங்களா?"

"அட, நீங்க வேற! பேசி வெச்சுட்டு டிரா பண்ணுனா, யோசிக்காம ஆடுனதுன்னு செவப்பு எரியும். தெரிஞ்சே தோத்தா அதுக்கும் எரியும். நம்ம அளவுக்கு ஆடிட்டு, நம்ம பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரோணும்."

"அளவுக்கு மேல ஒண்ணு தோணிருச்சுன்னா?"

தீர்த்தகிரி டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றினார். "தோணுனா விட்டுரோணும். சிவமலையாட்ட மாட்டிக்கக் கூடாது."

சிவமலை துளசிமணியின் கிளப்காரர், கோபி தபால் ஆபீஸில் இருந்தவர். போன வருஷம் கரூரில் ஒரு குதிரையை வேண்டுமென்றே வெட்டக் கொடுத்து, அதற்கப்புறம் ஏழெட்டு நகர்த்தலில் ஜெயித்தார். பார்த்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். விசாரணையில் அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது மனிதர் சூதுவாது தெரியாமல், "தோணுச்சுங்க," என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை அவரைக் கவிழ்த்துவிட்டது. முதலில் ஆட்டம் போனது, பிறகு வேலை போனது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். ஓர் இடத்தில் சிவப்பு எரிந்தவனுக்கு எல்லா இடத்திலும் சிவப்புத்தான். பட்டை முதலில் சதுரங்கத்துக்குத்தான் வந்தது. அப்புறம் பரீட்சை, அப்புறம் நேர்காணல், இப்போது நம்பிக்கை தேவைப்படும் வேலை எல்லாவற்றுக்கும் அதுதான் சாட்சி.

"நீங்க ஆஸ்பத்திரியில இருக்கறீங்க, உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க," என்றார் தீர்த்தகிரி. "இது நம்ம யோசனை, இது காதுக்குள்ள அரிசி மணியாட்ட மிஷின் வெச்சு எவனோ சொன்னதுன்னு அந்தப் பட்டைக்கு எப்புடீங்க தெரியுது?"

"அது எங்கீங்ண்ணா தெரியுது! அதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். யோசனை உழைச்சு வந்துச்சா, உழைக்காம வந்துச்சான்னு. நாம கணக்குப் போட்டு, தெணறி, அப்புறம் ஒண்ணைப் புடிச்சா, பட்ட பாடு மண்டைக்குள்ள தெரியுமாமா. அடுத்தவன் சொல்லிக் குடுத்தா அந்தப் பாடே இருக்காது. முழுசா வந்து நிக்கும்."

"நமக்கேகூடச் சில சமயம் முழுசா வந்து நிக்கறதில்லீங்களா?"

"நிக்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் அதுக்குத் தெரியாதுங்ண்ணா."

"பொய் சொன்னா?"

"பொய்யி நெசமெல்லாம் அது பாக்கறதில்லீங். நல்லா யோசிச்சுச் சொன்ன பொய்யின்னா பச்சையாத்தான் இருக்கும்."

தீர்த்தகிரி டீ சிந்தும்படி சிரித்தார். "அப்ப எங்க வார்டு கவுன்சிலருக்குக் கடைசி வரைக்கும் பச்சைதான்!"

துளசிமணிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பயம் போகவில்லை. கோபி அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் அவள் டெக்னீஷியன். எந்த ரத்தம் யாருக்குப் போகலாம் என்று சரிபார்த்து அனுப்புவது அவள் வேலை. சிவப்பு எரிந்தவளை அந்த அறைக்குள்ளேயே விட மாட்டார்கள். புருஷன் இல்லாத வீட்டில் அந்தச் சம்பளம்தான் அடுப்பெரிக்கிறது. இத்தனை பயம் இருக்கிறவள் வீட்டோடு இருக்க வேண்டியதுதானே என்றால், அது சதுரங்கப் பைத்தியம் பிடிக்காதவர்கள் கேட்கிற கேள்வி. அவளும் மூன்று மாதம் விட்டுப் பார்த்தாள். தரையில் பதித்த டைல்ஸைப் பார்த்தால்கூடக் குதிரை தாவ ஆரம்பித்தது. திரும்ப வந்துவிட்டாள்.

ஆர்பிட்டர் லூர்துசாமி மணமேடையில் ஏறி மைக்கைத் தட்டினார். நெட்டையான மனிதர். எல்லாச் சுற்றுக்கும் சொல்வதையே மறுபடியும் சொன்னார்.

"மஞ்சள் எரிஞ்சா மட்டும் குத்தம் இல்ல. வந்த யோசனையை விட்டுட்டா விளக்கு தன்னால பச்சைக்கு வந்துரும். அதை அப்படியே செஞ்சாத்தான் சிவப்பு, கேஸ். ஆர்பிட்டர் கேட்டு நீங்க வாயால சொல்ற பதிலும் செஞ்ச மாதிரிதான். ஆனா கேக்கறதுக்காக நிறுத்தின கிளாக் திரும்ப ஓடறதுக்குள்ள அந்தப் பதில் இல்லன்னு ஆகிட்டா, கணக்குல வராது. ஆட்டம் முடியற வரைக்கும் எதிராளி விளக்கைப் பத்தி மூச்சு விடக் கூடாது. டச் மூவ் உண்டு. தொட்ட காயை நகர்த்தியே ஆகணும். நேராக்கி வைக்கத் தொடறதா இருந்தா, முன்னாடியே 'அட்ஜஸ்ட்'னு சொல்லிட்டுத் தொடுங்க."

இருவரும் கை குலுக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். துளசிமணிக்கு வெள்ளைக் காய்கள்.

முதல் ஒரு மணி நேரம் எந்த வில்லங்கமும் இல்லை. தீர்த்தகிரி ஒவ்வொரு நகர்த்தலுக்கும் உதடு அசைய அசையக் கணக்குப் போடுகிறவர். அவன் வெட்டினால் நான் வெட்டுவேன், நான் வெட்டினால் அவன் நகர்வான் என்று அந்த உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அவருடைய விளக்கு பச்சையிலிருந்து ஒருநாளும் மாறி அவள் பார்த்ததில்லை. அவளும் தன் பாட்டுக்கு ஆடினாள். பெரும்பாலான காய்கள் வெட்டுப்பட்டுப் போய், ஆட்டம் டிராவை நோக்கி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அது வந்தது.

அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பலகை முழுக்க ஒரே நொடியில் தெளிந்தது. ராணியைக் கொடு. அவர் ராஜாவால் வெட்டியே ஆக வேண்டும். வெட்டியதும் செக் வைக்காதே, ஒன்றையும் வெட்டாதே. ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயைச் சும்மா தள்ளு. அந்த ஒரு சிப்பாய் நகர்ந்தால் அவளுடைய ராஜாவுக்கு ஜன்னல் திறக்கும், அவருடைய ராஜாவுக்குக் கதவு மூடும். அப்புறம் அவர் எதை ஆடினாலும் தப்பிக்க முடியாது. இருபது வருஷத்தில் அவளுக்கு இப்படி ஒன்று வந்ததில்லை. இனிமேல் வரப்போவதும் இல்லை. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

நிமிர்ந்தாள். தீர்த்தகிரி பலகையைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது காதுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. மேடையில் லூர்துசாமி கைக்கருவியைக் குனிந்து பார்த்துவிட்டு எழுந்திருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

இப்போதாவது கணக்குப் போடலாம் என்று நினைத்தாள். முதலிலிருந்து ஒவ்வொன்றாக, தடவித் தடவி, தப்பான வழிகளிலெல்லாம் புகுந்து வந்து, கடைசியில் ராணியைக் கண்டுபிடித்தவள் போல ஆகிவிடலாம். முயன்றும் பார்த்தாள். விடை தெரிந்த கணக்கைத் தெரியாத மாதிரிப் போட யாரால் முடியும்? எந்த வழியில் போனாலும் மனசு முதலிலேயே அந்த ராணியிடம் போய் நின்றுகொண்டது. தீர்த்தகிரியின் கண் இரண்டாவது தடவையும் காதுப் பக்கம் வந்துவிட்டுப் போனது. இன்னும் மஞ்சள்தான் போலிருக்கிறது.

விட்டுவிடு என்று தனக்குத்தானே சொன்னாள். ராஜாவை ஓரமாக ஒரு கட்டம் நகர்த்து. டிரா ஆகும். நாளைக்கு வேலைக்குப் போ. இந்த ராணியை யாரும் பார்க்கவில்லை. நீயும் பார்க்கவில்லை.

முடிவு செய்ததும் மூச்சு சீரானது. அந்த நிம்மதியில்தான் தப்பு நடந்தது. ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கொரு கைப்பழக்கம் உண்டு. ஒருவர் மீசையைத் திருகுவார், ஒருவர் வெட்டுப்பட்ட சிப்பாயை உருட்டுவார். துளசிமணிக்குக் கட்டத்தின் நடுவில் நிற்காத காயைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஒவ்வொரு தடவையும் "அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட்டு, நேராக்கி வைப்பாள். இப்போது ராணி கட்டத்தின் கோட்டில் சாய்ந்தாற்போல நின்றது. கை தானாகப் போய், இரண்டு விரலால் அதைப் பிடித்து நடுவில் வைத்தது. வறண்ட தொண்டையிலிருந்து வார்த்தை வரவில்லை.

விரலை எடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

தீர்த்தகிரி பார்த்திருந்தார். அவளுக்குப் பின்னால் வந்து நின்ற லூர்துசாமியும் பார்த்திருந்தார். அவர் குனிந்து கிளாக்கை நிறுத்தினார்.

"ராணியைத் தொட்டாங்க. ஃபேன் சத்தத்துல எனக்கு எதுவும் கேக்கல," என்றார் அவர், தீர்த்தகிரியைப் பார்த்து. "தொடறதுக்கு முன்னாடி அட்ஜஸ்ட்னு சொன்னாங்களா?"

துளசிமணி தீர்த்தகிரியைப் பார்த்தாள். சொல்லவில்லை என்று அவர் சொன்னால் ராணியை நகர்த்தித்தான் ஆக வேண்டும். அந்த ராணிதான் அவளுடைய கடைசி வரிசையைக் காத்துக்கொண்டிருக்கிறது. வேறு எங்கே வைத்தாலும் அடுத்த நகர்த்தலில் அவர் யானை இறங்கி ஆட்டம் முடிந்தது. ஜெயிக்கும் வழி தெரிந்திருந்தும் தெரிந்தே தோற்றதாகப் பட்டை எழுதும், சிவப்பு. சரி, ஜெயித்துவிடலாம் என்று ராணியைப் பலி கொடுத்தால் உழைக்காத யோசனை, அதற்கும் சிவப்பு. போக வழியே இல்லை. எதிரில் இருக்கும் மனிதரின் வாயில்தான் அவளுடைய சோறு இருந்தது.

"சொன்னாங்க சார்," என்றார் தீர்த்தகிரி.

கேள்வி முடிந்த உடனேயே சொன்னார். உதடு முணுமுணுக்கவில்லை. அவன் வெட்டினால், நான் வெட்டினால் என்ற கணக்கு எதுவும் ஓடவில்லை. கிணற்றோரம் தடுமாறுகிற ஆளைப் பார்த்ததும் கை நீளுமே, அப்படி வந்தது அந்தப் பொய். "அட்ஜஸ்ட்னு நல்லாச் சொன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு."

அவருடைய காதுக்குப் பக்கத்தில் விளக்கு மாறியது. மஞ்சளில் நிற்கவே இல்லை. பச்சையிலிருந்து நேராகச் சிவப்பு.

துளசிமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் உழைப்பும் இல்லாமல், முழுசாக வந்து நின்ற யோசனை. பட்டைக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான்: இது இந்த மனிதருடையது இல்லை, வேறு எவரோ உள்ளே போட்டது. தீர்த்தகிரிக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளைப் பார்த்து, கவலைப்படாதே என்பது போல லேசாகத் தலையை ஆட்டினார். காலையில் வேனில் ஏறும் ஏதோ ஒரு குழந்தை வைத்த நட்சத்திர ஸ்டிக்கர் அவர் சட்டைப் பையில் ஒட்டியிருந்தது. அதை எதற்கு இப்போது கவனித்தோம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

லூர்துசாமியின் கையில் கருவி அதிர்ந்தது. அவர் பார்த்தார். முகத்தில் எதையும் காட்டவில்லை. காட்டக் கூடாது. ஆனால் அவள் பக்கம் திரும்பியபோது குரலை இறக்கி, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

"நீங்க சொல்லுங்க மேடம். அட்ஜஸ்ட்னு சொன்னீங்களா? இல்ல, சாருக்குத் தப்பாக் காதுல விழுந்துச்சா? அப்படின்னா அவர் சொன்னதை நான் எடுத்துக்க மாட்டேன். அவசரம் இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க. கிளாக் நின்னுதான் இருக்கு."

அவர் எதற்கு அப்படிக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

துளசிமணி கணக்குப் போட ஆரம்பித்தாள்.

நான் சொல்லவில்லை என்றால், அவர் சொன்னது இல்லை என்று ஆகிவிடும். சிவப்பு கணக்கில் வராது. நாளைக் காலையில் அவர் ஒன்றும் தெரியாமலே வேனை எடுத்துக்கொண்டு போவார். ஆனால் ராணியைத் தொட்டது தொட்டதுதான். எனக்கு இரண்டு பக்கமும் சிவப்பு. சொன்னேன் என்றால், அவர் வார்த்தை நிலைக்கும், சிவப்பும் நிலைக்கும். ரத்த வங்கி இருக்கும், வாடகை இருக்கும், மகன் படிப்பு இருக்கும். அவருக்கு வேன் போகும். ஊரார் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறவரை முதலில் தூக்குவார்கள். அவருக்கு மகன் இருக்கிறான், திருப்பூரில் வேலை, பார்த்துக்கொள்வான். பார்த்துக்கொள்வானா? மருமகள் எப்படியோ. விசாரணையில் அவர் என்ன சொல்வார்? தோணுச்சு என்பார். சிவமலை சொன்னதைத்தான் சொல்வார். நான் போய் உண்மையைச் சொன்னால்? இரண்டு பேரும் போவோம். இரண்டு பேர் போவதைவிட ஒருவர் போவது மேல்.

இத்தனை வருஷத்தில் எந்த ஆட்டத்திலும் அவள் இவ்வளவு ஆழமாக, இவ்வளவு பொறுமையாகக் கணக்குப் போட்டதில்லை. ஒவ்வொரு வழியிலும் கடைசிக் கட்டம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். தலை வலித்தது. அக்கம்பக்கத்துப் பலகைகளில் காய்கள் நகரும் சத்தம் கேட்டது. தன்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கணக்கு நிற்கவில்லை.

"சொன்னேன் சார்," என்றாள். "மெதுவாச் சொன்னேன். இவருக்குக் கேட்டிருக்கும்."

லூர்துசாமி கருவியைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். கிளாக்கைத் தட்டி ஓடவிட்டார்.

அவள் ராஜாவை ஓரமாக ஒரு கட்டம் நகர்த்தினாள். அதற்கப்புறம் நான்கைந்து நகர்த்தலில் ஒரே நிலை மூன்று தடவை வந்தது. டிரா. இருவரும் கையெழுத்துப் போட்டுக் கை குலுக்கினார்கள். அவருடைய கை வெதுவெதுப்பாக, காய்ந்து இருந்தது. அவள் கைதான் ஈரம்.

ஆட்டம் முடிந்ததும் எதிராளியோடு உட்கார்ந்து, எங்கே தப்புச் செய்தோம் என்று காய்களை மறுபடி அடுக்கிப் பேசுவது ஆட்டக்காரர்களின் வழக்கம். தோற்றவன்கூட அதற்கு நிற்பான். தீர்த்தகிரி காய்களை அடுக்க ஆரம்பித்திருந்தார். லூர்துசாமி வந்து அவர் தோளைத் தொட்டார்.

"சார், ஒரு நிமிஷம் ஆபீஸ் ரூமுக்கு வர்றீங்களா? பட்டையைக் கழட்ட வேண்டாம். அப்படியே வாங்க."

"சாட்சிக் கையெழுத்தா இருக்கும்," என்று தீர்த்தகிரி எழுந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பாவமாகிவிட்டது. குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஏனுங்க அம்மிணி, இன்னும் எதுக்கு இப்படி நடுங்கறீங்க? ஆட்டம்தான் முடிஞ்சு போச்சே, இனிச் சொன்னாத் தப்பில்லை. மொதல்ல மஞ்சளா எரிஞ்சுதுங்க, எனக்கும் திக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா அவர் கேட்டப்ப நீங்க பதில் சொன்னீங்க பாருங்க, அப்ப நல்ல பச்சை. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

ஆட்டம் முடிந்துவிட்டது. அவளும் சொல்லலாம். எந்த விதியும் தடுக்கவில்லை.

"சரிங்ண்ணா," என்றாள்.

"இருங்க, போயிராதீங்க. அந்த ராணியை வெச்சு ஏதோ ஒண்ணைப் பாத்தீங்கல்ல? வந்ததும் காட்டுங்க."

அவர் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. துளசிமணி கொஞ்ச நேரம் அடுக்கிய காய்களுக்கு முன்னால் நின்றாள். பிறகு வாசல் மேஜைக்குப் போய்த் தலையைக் குனிந்தாள். அங்கே இருந்த பெண் பட்டையைக் கழற்றி, கருவியில் வைத்துப் படித்தாள். பழக்கமான சிரிப்போடு நிமிர்ந்தாள்.

"சுத்தமா இருக்குதுங்க மேடம். எல்லாமே நீங்க சொந்தமா யோசிச்சதுதானுங்க."